வாகனம் வாங்குமுன் ஒரு கணக்கு



வெள்ளிக்கிழமைகளில் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த அத்தியாயத்தில் ஒரு படகு வருகிறது. நபி மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் அதில் ஏறிப் போகிறார்கள். நல்ல நிலையில் இருந்த படகை ஹிழ்ர் (அலை) சேதப்படுத்துகிறார்கள். மூஸா (அலை) அவர்களுக்கு அது பொறுக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிய வருகிறது. பழுதில்லாத படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அந்தப் பக்கம் இருந்தான். கடலில் உழைத்துச் சாப்பிடும் ஏழைகளின் அந்தப் படகு, பழுது பட்டதனாலேயே அவர்கள் கையில் மிஞ்சியது.

இந்த நிகழ்ச்சியில் பொருள் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது: படகு சொந்தமாக இருந்தும் அவர்களை அல்குர்ஆன் மிஸ்கீன்கள் என்றே குறிப்பிடுகிறது. ஃபகீருக்கும் மிஸ்கீனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசும்போது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் இந்த இடத்தை ஆதாரமாகக் காட்டுவார்கள். பெரிய பொருள் ஒன்று கையில் இருப்பது மட்டுமே ஒருவரைச் செல்வந்தராக்கிவிடாது. இரண்டாவது: ஒரு பொருளின் விலை வேறு, அதன் பயன் வேறு. பலகை பெயர்ந்த படகின் விலை இறங்கியது. அதன் பயனோ உரியவர்களுக்கே நிலைத்தது.

கண்டியிலிருந்து மாத்தளை போகும் ஏ-9 வீதியில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது நமது அக்குறணை. கடலுக்குப் போவதென்றால் வீதி வழியே நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். படகு வைத்திருப்பவரை இங்கே தேட முடியாது. ஆனால் வேன், கார், முச்சக்கர வண்டி இல்லாத ஒழுங்கையும் இங்கே இல்லை. எத்தனையோ குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாக வாங்கும் பெரிய பொருள் வாகனம்தான். அதற்காகச் சேமிப்பு போகிறது, உம்மாவின் வளையல் போகிறது, ஐந்து வருட வருமானத்தின் மீது கையொப்பம் விழுகிறது.

வாங்குமுன் வீட்டில் என்ன பேசுகிறோம்? நிறம், வருடம், எத்தனை பேர் இருக்கலாம், மாதத் தவணை எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வாங்கும் விலை ஒரு நாள் கேள்வி. வைத்திருக்கும் செலவோ ஒவ்வொரு மாதமும் வாசலில் வந்து நிற்கும் கேள்வி. குடும்பத்தின் மாதச் செலவைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்தான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள்.

விலை ஏறிய காலம்

'வாகனம் வாங்கினால் நட்டமில்லை, விற்கும்போது கூடத்தான் கிடைக்கும்' என்ற பேச்சை நம் ஊரில் அடிக்கடி கேட்கிறோம். இது எங்கிருந்து வந்தது என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

2020 மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணியைப் பாதுகாப்பதற்காக அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் புது வாகனம் வரவில்லை. தேவை குறையவில்லை, வரத்து நின்றுவிட்டது. ஆகவே பழைய வாகனங்களின் விலை ஏறியது. ஓடித் தேய்ந்த பல வண்டிகள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்கப்பட்டன.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அதே வருடம் மே மாதத்தில் அது 360 ரூபாயளவுக்குப் போனது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். 40 இலட்சம் ரூபாய் வண்டி 60 இலட்சம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது 40 இலட்சம் என்பது 20,000 டொலர். டொலர் 360 ஆனபோது 60 இலட்சம் என்பது 16,700 டொலர் கூட இல்லை! வண்டி ஏறியதாக நமக்குத் தெரிந்தது. பெரும்பாலும் இறங்கியது நமது ரூபாய்.

இன்னும் ஒன்று. ஏறிய விலைக்கு விற்றவர் என்ன செய்தார்? வாகனம் இல்லாமல் இருக்க முடியாதவர் அதே சந்தையில் ஏறிய விலைக்கே இன்னொன்றை வாங்கினார். ஒரு கை வாங்கியதை மறு கை கொடுத்துவிட்டது.

ஆகவே அந்த ஐந்து வருடங்களை ஒரு விதிவிலக்காகப் பார்க்க வேண்டும். புது வாகனங்கள் தடையின்றிக் கிடைக்கும் நாடுகளில், ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே வண்டியின் விலை இறங்குகிறது. முதல் வருடங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். நமக்குப் பழைய வண்டிகளை அனுப்பும் ஜப்பானைப் பாருங்கள். அங்கே புதுக் காருக்கு மூன்றாம் வருடத்திலும், அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. வயது ஏற ஏற அந்தச் செலவும் கூடும் என்று பலர் நல்ல நிலையிலேயே விற்றுவிடுகிறார்கள். அவர்கள் 'இனி வைத்திருந்தால் செலவு' என்று கைவிட்டதைத்தான், வாகன விலையையே மிஞ்சும் வரிகளையும் கட்டி நாம் 'சொத்து' என்று வாங்குகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

வர்த்தகம் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் 'பெறுமானத் தேய்வு' என்று ஒரு சொல்லைச் சொல்வார்கள். ஒரு பொருள் பாவனையாலும் வயதாலும் ஆண்டுதோறும் இழக்கும் விலைதான் அது. பெற்றோலுக்குக் காசு கொடுக்கும்போது கை அறிகிறது. கராஜ்காரருக்குக் கொடுக்கும்போதும் அறிகிறது. இந்தத் தேய்வுக்கு மட்டும் யாரும் பில் கொண்டுவருவதில்லை. விற்கும் நாளில்தான் முழுப் பில்லும் ஒரேயடியாக வரும்.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். இவை நான் வசதிக்காக எடுத்த எண்கள். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வண்டியை 50 இலட்சத்துக்கு வாங்கி, ஐந்து வருடம் கழித்து 35 இலட்சத்துக்கு விற்பதாக வைப்போம். குறைந்தது 15 இலட்சம். அறுபது மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 25,000 ரூபாய். காப்புறுதி வருடம் 1,20,000 என்றால் மாதம் 10,000. ஒயில் மாற்றல், சேர்விஸ் மாதம் 5,000. டயர், பற்றரி இரண்டுக்கும் மாதம் 3,000. திடீர் பழுது, வருடாந்த அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியவற்றுக்கு 7,000. மொத்தம் 50,000 ரூபாய்.

கவனியுங்கள், இன்னும் ஒரு சொட்டு எரிபொருள் ஊற்றவில்லை! வண்டி வாசலில் நின்றாலும் இதில் பெரும்பகுதி போய்க்கொண்டேயிருக்கும்.

இப்போது ஓட்டத்தைப் பாருங்கள். பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவதும், மாதத்தில் ஒரு தடவை கண்டிக்குப் போவதுமாக 500 கிலோமீற்றர் ஓடுகிறதென்றால், எரிபொருள் போக ஒரு கிலோமீற்றருக்கு 100 ரூபாய். அதே வண்டியைக் கடைக்குச் சரக்கு ஏற்றவும் வாடகைக்கும் பாவித்து 2,000 கிலோமீற்றர் ஓட்டினால் கிலோமீற்றருக்கு 25 ரூபாய். கூட ஓடினால் டயரும் சேர்விஸும் சற்றுக் கூடும், விற்பனை விலையும் சற்றுக் குறையும். என்றாலும் வித்தியாசம் பெரியது. ஒரே வண்டி ஒரு வீட்டுக்குச் சுமை, இன்னொரு வீட்டுக்குப் பிழைப்பு.

உங்கள் வீட்டுக்கு எது என்று அறிய ஒரு வழி உண்டு. வாங்குமுன் மூன்று மாதம் ஒரு கொப்பி வையுங்கள். பாடசாலை வேனுக்கு எவ்வளவு, ஓட்டோவுக்கு எவ்வளவு, கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு எவ்வளவு, கல்யாணம் மௌத்து என்று போகப் பிடித்த வேனுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அந்தத் தொகையை மேலே சொன்ன மாதத் தொகையோடு ஒப்பிடுங்கள். நோயாளி ஒருவர், வயதான பெற்றோர், நடக்க முடியாத பிள்ளை வீட்டில் இருந்தால் கணக்கு மாறும். அந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. அண்டை வீட்டார் வாங்கிவிட்டார்கள் என்பது மட்டுமே காரணமென்றால், அந்தக் காரணத்துக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

மலையும் மழையும்

நமது பகுதிக்கென்று சில தனிச் செலவுகள் உண்டு. பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் அநேகமாக ஏற்றம்தான். ஏற்றத்தில் கிளச் தேய்கிறது, இறக்கத்தில் பிறேக் தேய்கிறது. சமவெளி ஊர்க்காரர் சொல்லும் செலவுக் கணக்கை அப்படியே இங்கே நம்ப வேண்டாம்.

அடுத்தது பிங்கா ஓயா. மழை கூடினால் அது அக்குறணை நகருக்குள் ஏறிவிடுவது நாம் பலமுறை கண்டது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. உயிரிழப்புக்கு முன்னால் வாகன இழப்பு சிறியதுதான். ஆனாலும் எத்தனையோ பேருக்கு அந்த வாகனமே உழைப்பு.

ஆகவே இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளமும் மண்சரிவும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு, எழுத்தில் பாருங்கள். 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்ற பெயரில் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. இயற்கை அனர்த்தத்தைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டிய பத்திரங்களும் உள்ளன. இரண்டாவது, தண்ணீர் ஏறி நின்ற வண்டியை ஆசைக்கு ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அந்த ஒரு திருப்பலில் உள்ளே உடைந்துவிடும். கட்டி இழுத்து கராஜுக்குக் கொண்டுபோவதே மேல்.

ஹைபிரிட் கார் வாங்குவோருக்கும் ஒரு சொல். பெற்றோல் மிச்சம் என்பது உண்மை. ஆனால் அதன் பெரிய பற்றரி ஒரு நாள் முடியும். மாற்றுவதற்கு இலட்சக்கணக்கில் போகும். பழைய ஹைபிரிட் ஒன்றை மலிவாகத் தருகிறார்கள் என்றால், அந்தப் பற்றரியின் செலவைத்தான் விலையில் கழித்திருக்கிறார்களோ என்று சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

தவணையில் வாங்கினால்

லீசிங்கில் எடுத்த வண்டியின் பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் கணவரின் பெயர் இருக்காது, நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணை முடிந்து பெயர் நீக்கப்படும்வரை, வண்டி நம் வாசலில் நிற்கிறதே தவிர, நம்முடையதாகவில்லை.

முன்னைய உதாரணத்தையே எடுப்போம். 50 இலட்சம் வண்டிக்கு 25 இலட்சம் கையில் கொடுத்து, மீதிக்கு மாதம் 65,000 வீதம் அறுபது மாதம் கட்டுவதாக வைத்தால், கட்டும் தொகை 39 இலட்சம். கையில் கொடுத்ததோடு சேர்த்து 64 இலட்சம். ஐந்து வருடத்தின் பின் 35 இலட்சத்துக்கு விற்றால் போனது 29 இலட்சம். அதாவது மாதம் 48,000 ரூபாய்க்கு மேல். கைக்காசுக்கு வாங்கியவர் இழந்தது மாதம் 25,000. வட்டி என்பது தேய்வை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிவிட்டது.

வட்டி ஹராம் என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அதை இங்கே விரிக்கவில்லை. வட்டியில்லாத முறைகள் நம் நாட்டில் கிடைக்கின்றன. முழுமையாக இஸ்லாமிய அடிப்படையில் இயங்கும் வங்கியாக அமானா வங்கி 2011 ஆகஸ்டில் தொடங்கியது. வேறு சில நிறுவனங்களிலும் இதற்கான தனிப் பிரிவுகள் உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹலாலான முறை என்பதால் அது மலிவு என்று ஆகிவிடாது. முராபஹாவில் நிறுவனம் இலாபம் வைத்தே விற்கிறது. இஜாராவில் வாடகை வாங்குகிறது. கட்டி முடிக்கும் மொத்தத் தொகை எவ்வளவு, இடையில் முழுவதையும் கட்டினால் என்ன குறையும், பெரும் பழுது வந்தால் யார் பொறுப்பு, ஒரு மாதம் பிந்தினால் என்ன நடக்கும் என்ற நான்கு கேள்விகளை அங்கேயும் கேட்க வேண்டும். மார்க்கம் அனுமதித்த கடனும் கடன்தான்.

முதல் ஒன்றிரண்டு வருடங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. கைக்காசு குறைவாகப் போட்டு எடுத்த வண்டியின் விலை வேகமாக இறங்கும். கடன் மெதுவாகத்தான் இறங்கும். அந்த நேரத்தில் தொழில் படுத்தால், வண்டியை விற்றாலும் கடன் தீராது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய். அதே வருடம் ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு 5 லீற்றர்தான். வாரம் 5 லீற்றரில் எத்தனை ஓட்டம் ஓடி, எத்தனை தவணை கட்டுவது? வண்டி இருந்தது, தெம்பும் இருந்தது, உழைக்க வழி மட்டும் இல்லை.

சகோதரிகளே, பிணையாளியாகக் கையொப்பம் கேட்டு உங்களிடம் பத்திரம் நீட்டப்படுமானால், அதை வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள். பிணை என்றால் சாட்சி அல்ல. அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற வாக்கு அது. மறுமைக்கும் சேர்த்துத் தொடரும் பொறுப்பு.

நகையைக் கொடுக்குமுன்

நம் வீடுகளில் முதல் தொகை பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? பெண்ணின் நகையிலிருந்து. 2020 தொடக்கத்தில் ஒரு பவுண் ஓர் இலட்சத்துக்கும் கீழே இருந்தது. 2025 அக்டோபரில் 24 கரட் ஒரு பவுண் 3 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பொன்னும் இறங்கும் காலம் உண்டு. அது எப்போதும் ஏறும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பொன் ஓடித் தேய்வதில்லை, வாகனம் ஓடினாலும் தேய்கிறது, நின்றாலும் தேய்கிறது. இவ்வளவு வித்தியாசமான இரண்டு பொருள்களை மாற்றுகிறோம் என்ற உணர்வு வேண்டும்.

மஹரும் உங்கள் பெற்றோர் உங்களுக்கென்று தந்த நகையும் உங்கள் சொத்து. கணவரின் தொழிலுக்கு அதைக் கொடுப்பது உங்கள் பெருந்தன்மை, நன்மையும் உண்டு. ஆனால் கொடுப்பது அன்பளிப்பா, கடனா, வண்டியில் பங்கா என்பதை அன்றே பேசி முடிவு செய்யுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். கணவன் மனைவிக்கு அது பொருந்தாது என்று யாரும் சொன்னதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பத்துப் பவுண் நகையாகவே கடன் கொடுத்தால், திரும்ப வேண்டியது அதே எடையும் கரட்டும் உள்ள பொன். நீங்களே விற்று ரூபாயாகக் கொடுத்தால், திரும்ப வேண்டியது அந்த ரூபாய் மட்டுமே. ஐந்து வருடத்துக்குப் பின் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை மேலே சொன்ன பவுண் விலையே சொல்கிறது. எடையை எழுதி இருவரும் ஒப்பமிட்டு வையுங்கள். நம்பிக்கை இல்லாமல் செய்வதல்ல, நம்பிக்கை கெடாமல் இருக்கச் செய்வது.

மாப்பிள்ளைக்கு வாகனம் கேட்கும் குடும்பங்களுக்கும் இதே கணக்கைக் காட்ட வேண்டியிருக்கிறது. பெண்ணின் தந்தை கடன்பட்டு வாங்கிக் கொடுக்கும் கார், கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. கடனோ அவர் வீட்டில் அப்படியே இருக்கிறது. மஹரைக் கொடுக்க வேண்டியவர் வாகனம் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்?

ஸகாத் கணக்கு

ரமழான் நெருங்கும்போது வாகனத்தைப் பற்றி வரும் கேள்விகள் அதிகம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சொந்தப் பாவனைக்குரிய வாகனத்துக்கு, எத்தனை இலட்சம் பெறுமதியானாலும், ஸகாத் இல்லை. வாடகைக்கு ஓடும் வேன், முச்சக்கர வண்டி ஆகியவற்றின் விலைக்கும் இல்லை. அவற்றின் வருமானத்தில் மீதமாகி, நிஸாபை அடைந்து, ஒரு வருடம் பூர்த்தியான சேமிப்புக்கே உண்டு. விற்பதற்கென்றே வாங்கி வைத்த வாகனம் வியாபாரப் பொருள். வருட முடிவில் அன்று என்ன விலைக்குப் போகுமோ அந்த விலைக்கு 2.5 வீதம். 60 இலட்சம் பெறுமதியென்றால் 1,50,000 ரூபாய்.

இறக்குமதி நின்றிருந்த காலத்தில் 'விலை ஏறும்' என்று வாங்கிப் போட்டவர்கள் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்கள். வண்டியில் தாமும் போய் வந்தோம் என்பது அந்த நோக்கத்தை மாற்றிவிடாது. பாவிக்க வாங்கிய வண்டியின் விலை பிறகு தானாக ஏறியதென்றால், விற்றுக் காசு கைக்கு வரும்வரை வியாபாரப் பொருளாகாது. வாங்கும்போது இருந்த நிய்யத்தே இதில் முக்கியம்.

ஸகாத் பகிரும்போது, 'அவருக்குத்தான் ஓட்டோ இருக்கிறதே' என்று ஒருவரைக் கழித்துவிடாதீர்கள். அந்த ஓட்டோவின் வருமானம் அவருடைய பிள்ளைகளின் வயிற்றுக்குப் போதவில்லையென்றால் அவரும் ஸகாத் பெறத் தகுதியுள்ளவரே. தொழில் கருவியை விற்றுவிட்டு வா என்று அவரிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. படகுக்காரர்களை மிஸ்கீன்கள் என்று அல்லாஹ் சொன்னதன் விளக்கம் இதுவே.

விற்கும் நாளில்

வாகனத்தை நல்ல விலைக்கு விற்க ஆசைப்படுவதில் தவறில்லை. அதற்கு நேரான வழி, சேர்விஸ் பில்களை ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது. ஒழுங்காகப் பராமரித்த வண்டி என்பதற்கு வாய்ச்சொல்லைவிட அந்தக் கோப்பு பேசும். அதைப் பத்திரப்படுத்துவது வீட்டிலிருக்கும் உங்களால் முடிந்த வேலை.

மீட்டரைத் திருப்பி ஓட்டத்தைக் குறைப்பதும், வெள்ளத்தில் நின்றதை மறைப்பதும், மோதி ஒடிந்த இடத்துக்குப் பூச்சடித்து 'எக்சிடன்ட் இல்லை' என்பதும் சந்தையில் நடக்கின்றன. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே நனைந்திருந்ததைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுக் கண்டித்த நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். வாகனத்துக்கும் அதே சட்டம்தான். வாங்குபவர் கேட்காவிட்டாலும், தெரிந்த குறையை விற்பவர் சொல்ல வேண்டும். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்பது தப்பிக்கும் வழியல்ல. மறைத்த குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் உண்டு. மறைத்து வாங்கிய ஓர் இலட்சம் கையில் நிற்கலாம், அதில் பரக்கத் நிற்காது.

பத்திரத்தையும் பாருங்கள். பெயர் மாற்றாமல் 'ஓப்பன் பேப்பரில்' கைமாற்றிவிடும் வழக்கம் நம் நாட்டில் பரவியிருக்கிறது. வண்டி எங்கோ ஓடும், பெயர் உங்கள் வீட்டில் இருக்கும். விபத்து, அபராதம், பொலிஸ் விசாரணை எதுவானாலும் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான். விற்றவுடனேயே உரிமை மாற்றத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவித்து, அறிவித்ததற்கான சான்றைக் கையில் வையுங்கள்.

சகோதரிகளே! வாகனம் அல்லாஹ்வின் அருட்கொடைகளில் ஒன்று. நோயாளியை இரவில் கண்டிக்குக் கொண்டுபோகவும், பெற்றோரைப் பார்க்கப் போகவும், ஹலாலான பிழைப்பைத் தேடவும் அது உதவுகிறது. வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. வாங்குவதானால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். வாங்கும் விலை, ஐந்து வருடத்தின் பின் எதிர்பார்க்கும் விலை, காப்புறுதி, பழுது, எரிபொருள், தவணை ஆகியவற்றை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மாத மொத்தத்தைக் கண்டு, அது வீட்டு வருமானத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். உங்கள் நகை போகிறதென்றால் அதன் எடையையும் எழுதுங்கள். பிறகு கணவரோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். அதற்குப் பின் கையொப்பமிடும் கை, இன்ஷா அல்லாஹ், பின்னால் வருந்தாது.